ஜூலிக்காக நடந்தது

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய் அவரிடம் காட்டிவிடுவார்கள். காட்டினால் அவர் கோபப்பட மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை பொறுமையாகப் படிப்பார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதிக்கீது பொண்ணு" என்பார். அந்தப் பாராட்டுக்குத்தான் எனக்குப் பயம்.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைனில் கடைசி வீடு அவருடையது. சுரங்கக் கம்பெனி கட்டிய ஓட்டு வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு வீட்டில் வெங்காயம் வதங்கினால் நாலு வீட்டுக்கு வாசனை வரும். அவருடைய அப்பாவும் என் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே ஷாப்டில் இறங்கியவர்கள். அக்கா பெங்களூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ். நான் அங்கேயே ஒரு கூரியர் ஆபீஸில். மாரிகுப்பத்திலிருந்து வருகிற காலை ரயிலில் இரண்டு பேரும் சேர்ந்து ஏறுவோம். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர்கள் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

ரயிலில் ஒரு ஆள் இருந்தான். ஏறியதும் ஷூவைக் கழற்றிவிட்டு எதிர் சீட்டில் கால் நீட்டித் தூங்குவான். ஒரு நாள் அந்தக் கால் அக்காவின் சாப்பாட்டுப் பை மேல் பட்டது. "காலை எடுப்பா" என்றார் அக்கா. அவன் கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்றான். அக்கா சிரித்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். நான் மறந்தே போய்விட்டேன். மழைக்காலம் வந்தது. ஒரு நாள் நல்ல தூறல், பிளாட்பாரமெல்லாம் சேறு. பங்காருபேட்டையில் வண்டி நின்றபோது அக்கா குனிந்து, அவனுடைய வலது கால் ஷூவை மட்டும் எடுத்து, ஜன்னல் வழியாகப் பிளாட்பார பெஞ்சின் மேல் வைத்தார். வண்டி நகர்ந்த பிறகு அவனுடைய தோளைத் தட்டி எழுப்பினார்.

"தம்பி, உன் ஷூ ஒண்ணு பங்காருபேட்டைல கீது. நான்தான் வச்சேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

நான் பிறகு கேட்டேன், அவனை ஏன் எழுப்பிச் சொன்னீர்கள் என்று.

"செஞ்சது யாருன்னு தெரியலைன்னா அது பழி இல்லமா. ஆக்ஸிடென்ட்."

சபையிலும் அப்படித்தான். பாட்டு மாஸ்டர் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவரைப் பாடகர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். "உங்க குரல் ஷிப்ட் சங்கு மாதிரி தனியா கேக்குது சிஸ்டர்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்கா முதல் வரிசையில் வந்து நின்றார். கீர்த்தனை ஆரம்பித்ததும் எல்லோரையும்விட அரை அடி முந்திப் பாடினார், தொண்டை கிழிய. குழு அவருக்குப் பின்னால் ஓடியது. ஆர்மோனியம் ஓடியது. ஆராதனையில் ஒருவரைப் பாடாதே என்று எந்தப் போதகர் சொல்ல முடியும்? வருஷம் முழுக்க ஒரு ஞாயிறு தவறவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் பாட்டு மாஸ்டர் வாசலில் கையைக் கூப்பி நின்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "சங்கு ஊதினா ஷிப்டுக்கு வந்துதான் ஆவணும் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதையெல்லாம் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தவள் நான். என் ஆபீஸ் சூப்பர்வைசர் என்னை அழவைத்த அன்று ரயிலில் அக்கா கேட்ட ஒரே கேள்வி, "அந்தாளு பல்லுக்கு எங்க பாக்கறான்?" என்பது. வேண்டாம் அக்கா, விடுங்கள் என்று கெஞ்சினேன். "சரி, வச்சிருக்கேன்" என்றார். ஊறுகாயை எடுத்து வைப்பதுபோலச் சொன்னார்.

ஜூலி அக்கா வளர்த்த நாய். தெருவில் பிறந்த பழுப்பு நாய்தான். காலையில் அக்காவோடு ஸ்டேஷன் வரை வரும். சாயங்காலம் ரயில் சத்தம் கேட்டதும் எழுந்து போய் ஸ்டேஷன் கேட்டண்டை நிற்கும். பால், ரஸ்க், ரசம் சோறு. ஞாயிறு தவிர கறி கிடையாது, அக்காவுக்கே கிடையாது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் எங்கள் சபையின் செக்ரட்டரி. வேலையிலிருந்து ரிடையர் ஆனவர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் ஜெபம் செய்கிறவர். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் மட்டும் பொதுச் சந்து ஒன்று உண்டு. அதை அடைத்து ஸ்கூட்டருக்கு ஷெட் போட ஆரம்பித்தார். அக்கா முனிசிபாலிட்டிக்குப் போய் ஆளைக் கூட்டிவந்தார். எழுப்பிய சுவரை எல்லோரும் பார்க்க இடித்தார்கள். இடிந்த கல்லைச் செக்ரட்டரியே பொறுக்கி ஓரமாக அடுக்கினார். அன்றிலிருந்து ஜூலி தினமும் அந்தச் சந்தில்தான் படுத்தது. அவர் வெளியே வந்தால் குரைத்தது.

ஜூலி நாலு குட்டி போட்டது. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை. ஒரு நாள் காலை நாங்கள் ரயிலுக்குக் கிளம்பும்போது லைன் முழுக்க ஈரல் வறுக்கிற வாசனை, மிளகு தூக்கலாக. "செக்ரட்டரி அண்ணா வூட்ல இன்னிக்கு விசேஷம்" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலம் கேட்டண்டை ஜூலி இல்லை. சந்தில் கிடந்தது. வாயில் நுரை, கால்கள் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் வாந்தி. அதில் ஈரல் துண்டுகள், நசுக்கிய மிளகு. ஆட்டோவில் போட்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கண்ணிமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "மருந்து வச்சிருக்காங்க" என்றார். திரும்பி வருகிற வழியில் ஆட்டோவிலேயே, அக்காவின் மடியிலேயே போய்விட்டது. குட்டிகளுக்குப் பால் இல்லை. மூன்று குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. கிளினிக்கிலிருந்து ஊசியில்லாத சிரிஞ்சு கொண்டுவந்து, அதில் பால் ஏற்றிக் கொடுத்து அக்கா ஒன்றை மட்டும் காப்பாற்றினார். அதற்குப் பெயர் வைக்கிற தெம்புகூட இல்லாமல் "சின்னது" என்றே கூப்பிட்டார். அதுவே பெயராகிவிட்டது.

ஜூலியைப் புதைத்த மறுநாள் செக்ரட்டரி ஜெபம் செய்ய வந்தார். பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு, சபையார் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அது இன்றைக்கும் மறக்கவில்லை. "வாயில்லாத அந்த ஜீவனை நீர் கொடுத்தீர், நீரே எடுத்துக்கொண்டீர் ஆண்டவரே. இந்தச் சகோதரியின் தனிமையை நீர் அறிவீர்" என்று அக்காவின் தலை மேல் கையை வைத்து உருகி உருகி ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். நான் பாதியில் கண்ணைத் திறந்தேன். அக்கா கண்ணைத் திறந்தபடியே அவருடைய உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னோம். அக்கா சொல்லவில்லை.

"என்னைப் பண்ணி இருக்கலாம்" என்றார் அவர்கள் போன பிறகு. "சுவரை இடிச்சது நானு. நாயைப் பண்ணிட்டு, என் வூட்ல வந்து என் தலை மேல கைய வக்கிறான்."

அடுத்த மாதமே செக்ரட்டரி ஊரைவிட்டுக் கிளம்பினார். மகன் காரைக்காலில் வேலை பார்த்தான். தரங்கம்பாடிக்கு வடக்கே கடலோரமாக வீடு கட்டியிருந்தான். லாரியில் சாமான் ஏற்றும்போது அக்கா வாசலில் நின்று, செக்ரட்டரியின் மனைவியிடம் விலாசம் விசாரித்தார். "கடலாண்டயா அண்ணி? நல்லாக் காத்து வரும்" என்றார். அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷி. அவருக்கு ஒன்றும் தெரியாது.

எல்லோரும் அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

சபையிலிருந்து தரங்கம்பாடிக்கு டூர் போவதாகப் போதகர் அறிவித்தபோது, முதலில் கை தூக்கியவர் அக்கா. முதல் மிஷனரி வந்து இறங்கிய ஊர், பழைய தேவாலயம், கோட்டை, எல்லாம் பார்க்கலாம் என்றார் போதகர். வேனில் நாயை ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் சொன்னான். அக்கா பிளாஸ்டிக் கூடையைத் திறந்து சின்னதைக் காட்டினார். ஒரு பூசணிக்காய் அளவுதான் இருந்தது. அது டிரைவரின் விரலை நக்கியது. ஏற்றிக்கொண்டான்.

தரங்கம்பாடியில் காலை வெயில் அப்போதே சுட்டது. கோட்டையைச் சுற்றிக் காட்டிய போதகர், இடிந்த மதிலைத் தடவி, "எத்தனை காலத்தைப் பார்த்த கல்லு இது!" என்று நெகிழ்ந்தார்.

"இதைப் பாக்க இவ்ளோ தூரம் வரணுமா?" என்று அக்கா என் காதில் சொன்னார். "நம்ம ஊர்ல எங்க திரும்பினாலும் இடிஞ்சுதான் கெடக்குது. வெள்ளக்காரன் பங்களா, ஆஸ்பத்திரி, கிளப்பு. ஒருத்தனாவது டிக்கெட் போட்டு வந்து பாக்கறானா?"

கோட்டைக்குள் மியூசியத்துக்கு நாயை விடவில்லை. "நாங்க கடலாண்ட நடந்துட்டு வர்றோம்" என்று போதகரிடம் சொல்லிவிட்டு, அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். தோளில் ஒரு துணிப்பை.

சின்னது மணலில் இறங்க மறுத்தது. எங்கள் லைனுக்குப் பின்னால் சயனைடு மண் மலைபோலக் கொட்டிக் கிடக்கிறது, தங்கம் எடுத்த பிறகு கழித்துப்போட்ட மண். அதில் கால் வைத்தால் அக்கா சின்னதை அடிப்பார். மண்ணென்றால் அடி என்று அது புரிந்துவைத்திருந்தது. கடற்கரை விளிம்பில் நின்று நடுங்கியது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்து, உள்ளங்கையில் மணலை அள்ளிக் காட்டினார். "இது வேற மண்ணுடா. தங்கம் இல்லாத மண்ணு. வா." ஒரு கால் வைத்தது. இன்னொரு கால். பிறகு அதற்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அலையைத் துரத்தியது. அலை திரும்பி வந்ததும் எங்கள் காலுக்கு நடுவில் வந்து ஒளிந்தது. நண்டு வளையில் மூக்கை விட்டுத் தும்மியது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். ஜூலி போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை. எனக்கு அந்த நடை அப்போது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கோட்டையைத் தாண்டியதும் கரையிலேயே ஒரு பழைய சிவன் கோயில், பாதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீதியைக் காப்பாற்றப் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டியிருந்தார்கள். சுவர் நிழலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சின்னதைப் பார்த்துச் சிரித்தார்.

"முன்னாடி இன்னும் பெருசா இருந்துச்சு தாயி. எங்க மாமியாரு வாக்கப்பட்டு வந்தப்ப கடலு அங்கின கெடந்துச்சாம்" என்று தூரத்தில் கை காட்டினார். "கொஞ்சங்கொஞ்சமா எடுத்துக்கிச்சு."

அக்கா அலையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவசரமே படலை பாரு" என்றார். ஒரு நல்ல வேலைக்காரரைப் பாராட்டுவதுபோல இருந்தது.

அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். பாட்டிலை எடுக்க அவர் பையைத் திறந்தபோது வாசனை வந்தது. ஈரல். மிளகு. உள்ளே ஒரு டப்பா தெரிந்தது.

"அக்கா, டப்பால இன்னா?"

"ஈரல்மா. காலையில தேவாலயத்தாண்ட இருந்த மெஸ்ஸுல குடுத்து வறுத்துத் தரச் சொன்னேன்."

"யாருக்கு?"

"செக்ரட்டரி வூட்ல ஒரு நாய் கீது. வெள்ளையா, புசுபுசுன்னு. பிரின்ஸுன்னு பேரு. நீ வாட்ஸ்அப்புல பாக்கறதில்லையா? தெனமும் காலையில அந்த நாயை மடியில வச்சுக்கினு ஒரு வசனம் போடறாரே."

பார்த்திருக்கிறேன். சபை குரூப்பில் எல்லோரும் அதற்குக் கை கூப்பிப் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

"அக்கா, வேணாம்" என்றேன். "வாயில்லாத ஜீவன். அது இன்னா பண்ணுச்சு?"

"ஜூலி இன்னா பண்ணுச்சு?"

நடந்தோம். மீனவர் குப்பம் ஒன்றைக் கடந்தோம். வலைகளுக்கு நடுவில் சின்னது சிக்கிக்கொண்டு கத்த, ஒரு ஆள் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். அதற்கப்பால் சுனாமியில் போன வீடுகள் கொஞ்சம். கூரை இல்லை, கதவு இல்லை, நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அங்கெல்லாம் சின்னது நின்று நின்று மோந்து பார்த்தது. நான் எதையும் பார்க்கவில்லை. அந்தப் பையைப் பிடுங்கிக் கடலில் வீசிவிட்டால் என்ன என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"பையைக் குடுங்க, நான் தூக்கறேன்."

"வேணாம். நீ சின்னதைத் தூக்கு. அதுக்குக் கால் சுடுது."

சவுக்குத் தோப்பு ஓரத்தில் புது வீடு. கேட்டைத் தட்டியதும் செக்ரட்டரியின் மனைவிதான் வந்தார். அக்காவைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இன்னாமா, சொல்லாம கொள்ளாம! வா வா. ஐயோ, இது ஜூலி குட்டியா?" உள்ளே மகன் சோபாவில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். செக்ரட்டரி அதே வெள்ளைச் சட்டையில் உள்ளிருந்து வந்தார். எங்களைப் பார்த்து ஒரு நொடி நின்றார். பிறகு சிரித்தார்.

"ஸ்தோத்திரம். சபையில எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் அண்ணா. நீங்க இல்லாம ஜெபக்கூட்டம்தான் வெறிச்சுனு கீது."

வெள்ளை நாய் ஓடிவந்து அக்காவின் காலை மோந்தது. என் கையிலிருந்த சின்னது அதைப் பார்த்து வாலாட்டியது. காபி வந்தது. ஊர்க் கதை பேசினார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டை விற்றார்கள். நான் காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். செக்ரட்டரிக்கும் நாங்கள் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்றிருந்தது. "வேன் காத்திருக்கும் இல்லையா? ஒரு சின்ன ஜெபம் பண்ணிட்டுக் கிளம்பலாம்" என்று எழுந்தார்.

"பண்ணலாம் அண்ணா. அதுக்கு முன்னாடி, பிரின்ஸுக்கு ஒண்ணு கொண்டாந்தேன்."

அக்கா டப்பாவைத் திறந்தார். ஹால் முழுக்க மிளகு வாசனை. மூடியில் மூன்று துண்டு ஈரலை வைத்துத் தரையில் தள்ளினார். நாய் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

செக்ரட்டரி பாய்ந்தார். அந்த வயசில் அப்படி ஒரு பாய்ச்சலை நான் எதிர்பார்க்கவில்லை. மூடியைக் காலால் உதைத்தார். ஈரல் சுவரில் போய் அடித்தது. "தின்ன விடாதே! புடி அதை! டேய், புடிடா!" என்று மகனைப் பார்த்துக் கத்தினார். அவரே நாயை வாரி எடுத்து, அதன் வாயைப் பிளந்து, விரலை விட்டுத் துழாவினார். நாய் வலியில் கத்தியது.

"அப்பா! இன்னா ஆச்சு உங்களுக்கு?"

"இன்னாங்க இது? ஈரல்தானே?" என்றார் மனைவி.

"உனக்குத் தெரியாது. அதுல..." என்றவர் நிறுத்திக்கொண்டார்.

"அதுல இன்னா அண்ணா?" என்று அக்கா கேட்டார்.

டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டார். மென்றார். அவசரமே இல்லை. இன்னொன்றை எடுத்து என் மடியிலிருந்த சின்னதுக்கு ஊட்டினார். அது கடித்து விழுங்கிவிட்டு அவர் விரலையும் நக்கியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மெஸ்ஸுக்காரன் பரவால்ல. ஆனா அண்ணி கைப்பக்குவம் வரல" என்றார் அக்கா.

"என் கை ஈரலை நீ எப்போம்மா சாப்ட்டே?" என்று அந்த அம்மாள் குழப்பத்தோடு கேட்டார்.

"நான் சாப்டல அண்ணி. ஜூலி சாப்ட்டுச்சு."

ஹாலில் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மகன் அதை அணைத்தான். அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த ஈரலைப் பார்த்தார். திரும்பவும் கணவரைப் பார்த்தார்.

"அன்னிக்கு டப்பால போட்டுக்கினு போனீங்களே" என்றார் மெதுவாக. "ஒடம்பு சரியில்லாத ஒருத்தருக்குன்னு சொன்னீங்க. நான்தானே பாத்துப் பாத்து வறுத்தேன். மிளகு ஜாஸ்தியா போடுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"கர்த்தருக்குத் தெரியும்..." என்று ஆரம்பித்தார் செக்ரட்டரி.

"கர்த்தரை விடுங்க. எனக்குச் சொல்லுங்க."

செக்ரட்டரி நாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அக்கா டப்பாவை மூடிப் பையில் வைத்தார். எழுந்தார்.

"வர்றோம் அண்ணி. ஜெபம் இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

திரும்பி நடந்தோம். கூரையில்லாத வீடுகளைத் தாண்டியதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நான் பயந்தே பூட்டேன் அக்கா. நெசமாவே மருந்து கலந்து எடுத்தாந்தீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் நின்றார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, அதிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார்.

"எலி மருந்து. ஊர்லயே வாங்கிட்டேன்."

என் கையிலிருந்த சின்னதை இறுக்கிக்கொண்டேன்.

"கலக்கத்தான் இருந்தேன். கோயிலாண்ட ஒக்காந்தப்ப யோசிச்சுக்கினே இருந்தேன். நாய் செத்தா அந்தாளு அழுவான். ஊரே வந்து ஆறுதல் சொல்லும். அவன் தலை மேல கைய வச்சு ஜெபம் பண்ண பத்துப் பேரு வருவாங்க. அந்தச் சொகம் அவனுக்கு எதுக்கு?"

சேலையைத் தூக்கிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினார். பொட்டலத்தைப் பிரித்து அலை திரும்புகிற நேரம் பார்த்துக் கொட்டினார். காகிதத்தையும் அலசிக் கசக்கினார். சின்னது தண்ணீரில் குதிக்கத் திமிறியது. "விடாதே!" என்று அங்கிருந்தே அதட்டினார். வெகுநேரம் அதைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை.

வேனில் போதகர் கேட்டார், எங்கே போனீர்கள் என்று. "செக்ரட்டரி அண்ணாவைப் பாத்துட்டு வர்றோம் ஐயா. நல்லா இருக்காரு" என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து குரூப்பில் வசனம் வரவில்லை. வெள்ளை நாயும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று சபையில் விசாரித்தார்கள். அக்கா எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸுக்குச் செக்ரட்டரியின் மனைவி எங்கள் பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு மத்தியானம் தனியாக அக்காவைத் தேடி வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். ஆள் இளைத்திருந்தார். சின்னது நன்றாக வளர்ந்து, ஜூலி போலவே பழுப்பாகி, கதவோரம் படுத்திருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அவுரு கை பட்டது எதுவும் எனக்கு எறங்க மாட்டேங்குதுமா. தண்ணி மோந்து குடுத்தாலும் கொமட்டுது. சமைக்கறேன். எனக்கு எடுத்துக்கினு உள்ள பூட்றேன். அவுரு தனியாத்தான் சாப்படறாரு. பிரின்ஸுக்குச் சோறு வக்கக்கூட அவரை விடறதில்லை. புள்ளையும் பேசறதில்லை. முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் பண்ணிட்டேன், இப்போ யாரோ வூட்ல இருக்கற மாதிரி கீது."

சொல்லும்போதே அழுதுவிட்டார். அக்கா ஆறுதல் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்து போய்க் காபி போட்டு வந்தார். டம்ளரை அந்த அம்மாளின் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற அளவு நெருக்கமாக உட்கார்ந்தார்.

"தனியான்னா எங்க ஒக்காந்து சாப்படறாரு அண்ணி? ஹால்லயா?"

"இல்லம்மா. பின்னாடி, கெணத்தாண்ட."

"டிவி கூட இல்லாமலா?"

"டிவி ஹால்லதானே கீது."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கிணற்றையும், அதன் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கிற மனிதரையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு கண்ணைத் திறந்து, இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து கேட்டார்.

"மழை வந்தா?"